வட்டி ஏறுகிறது: நினைத்தபோது எடுக்க முடிகிற சேமிப்புக் கணக்கு எது?

யீஷுன்காரி | 14 டிசம்பர் 2022, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கையிருப்பு 42,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), பல வருடமாக ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. வட்டி 0.05 விழுக்காடு, அதாவது வருடம் முழுக்க 21 வெள்ளி. எங்கேயுமே வட்டி இல்லாத காலத்தில் இதைப் பற்றி நான் யோசித்ததில்லை. இப்போது எம்ஆர்டி ரயிலில் ஏறினால் விளம்பரம், பேருந்து நிறுத்தத்தில் விளம்பரம். ஒரு வங்கி 7.8 என்கிறது, இன்னொன்று 7.65 என்கிறது. உள்ளே போய்ப் படித்தால் தலை சுற்றுகிறது.

எங்கள் நிலவரம்: கைக்கு வரும் என் சம்பளம் 3,400, ஜைரோவில் (வங்கிகளுக்கிடையே தானாக நடக்கும் பரிமாற்றம்) வருகிறது. வீட்டுக்காரர் தனியார் வாடகை கார் ஓட்டுகிறார். அவர் வருமானம் ஏறும் இறங்கும். கார்டில் மாதம் 400 வெள்ளி போல செலவு செய்கிறோம். காய்கறி, மீன், மளிகை எல்லாம் சந்தையில்தான், ரொக்கம் அல்லது பேநவ் (கைப்பேசி வழியாகப் பணம் அனுப்புவது).

பணத்தைப் பூட்டிவைக்க முடியாது. மாமனார் தஞ்சாவூரில் உடம்பு முடியாமல் இருக்கிறார். எப்போது டிக்கெட் எடுக்க வேண்டிவரும் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் டி-பில் (அரசாங்கத்தின் குறுங்காலக் கடன்பத்திரம்) வாங்கச் சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. எந்தக் கணக்கு சரிவரும்?

பொங்கோல்வாசி | 14 டிசம்பர், இரவு 10:05

வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. போன வாரம் 8ஆம் தேதி ஏலத்தில் ஆறு மாத டி-பில் 4.40 விழுக்காட்டில் முடிந்தது. அக்டோபர் கடைசியில் 4.19 வந்தபோதே கூட்டம் அள்ளியது. அரசாங்கப் பத்திரம், கார்டு செலவு கிடையாது, சம்பளம் கிடையாது, எந்த நிபந்தனையும் கிடையாது. இந்த நேரத்தில் சேமிப்புக் கணக்கைப் பற்றிப் பேசுவதே வீண்.

கணக்குப்பிள்ளை | 14 டிசம்பர், இரவு 11:18

தங்கச்சி, முதலில் அந்த 7.8ஐ மறந்துவிடுங்கள். அது உங்களுக்கு இல்லை.

யூஓபி வங்கியின் ‘ஒன்’ கணக்கில் இந்த மாதம் முதல் வட்டி படிப்படியாக இருக்கிறது. முதல் 30,000க்கு 3.85, அடுத்த 30,000க்கு 3.90, அடுத்த 15,000க்கு 4.85. அதற்கும் மேலே 75,000 முதல் 100,000 வரை உள்ள 25,000க்கு மட்டும்தான் 7.80. முழு இலட்சம் வைத்திருப்பவருக்குச் சராசரி 5 விழுக்காடு வரும். உங்கள் பணம் 42,000. அப்படியென்றால்:

30,000க்கு 3.85 என்றால் 1,155 வெள்ளி
12,000க்கு 3.90 என்றால் 468 வெள்ளி
மொத்தம் ஆண்டுக்கு 1,623 வெள்ளி

இதற்கு இரண்டு நிபந்தனை. மாதம் 1,600க்குக் குறையாத சம்பளம் அங்கே வர வேண்டும், அவர்கள் குறிப்பிடும் கார்டில் மாதம் 500 வெள்ளி செலவு இருக்க வேண்டும்.

இப்போது ஓசிபிசி வங்கியின் 360 கணக்கு. அங்கே வட்டி துண்டு துண்டாகச் சேரும். முதல் 75,000க்குப் பார்த்தால், அடிப்படை 0.05. சம்பளம் 1,800 அல்லது அதற்கு மேல் வந்தால் 2.0. முந்திய மாதத்தைவிடச் சராசரி இருப்பு 500 வெள்ளி கூடினால் 1.2. கார்டில் 500 செலவழித்தால் 0.6. எல்லாம் சேர்ந்தால் 3.85. உங்கள் 42,000க்கு 1,617 வெள்ளி. விளம்பரத்தில் வரும் 7.65 அவர்களிடம் காப்புறுதியும் முதலீடும் வாங்கியவர்களுக்கு. அதற்காக யாரும் காப்புறுதி வாங்காதீர்கள், தயவுசெய்து.

ஆக, முழு இலட்சத்துக்குச் சராசரியாக ஒருவர் 5 என்கிறார், இன்னொருவர் 4.65 என்கிறார். உங்கள் தொகைக்கு வருடத்தில் 6 வெள்ளிதான் வித்தியாசம். இரண்டு பேருக்குக் காப்பியும் ரொட்டியும் வாங்கலாம், அவ்வளவுதான்.

யீஷுன்காரி | 14 டிசம்பர், இரவு 11:31

ஆறு வெள்ளியா! நான் மூன்று நாளாக இந்த இரண்டுக்கும் நடுவில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | 14 டிசம்பர், இரவு 11:58

நல்ல மாதத்தில் 6 வெள்ளி. ஆனால் தவறிப்போகும் மாதத்தைப் பாருங்கள், அங்கேதான் இரண்டும் வேறுவேறு.

யூஓபியில் 500 செலவு வாசல்படி மாதிரி. அதைத் தாண்டாவிட்டால் அந்த மாதம் முழுப்பணத்துக்கும் 0.05தான். மாதம் 135 வெள்ளி வர வேண்டிய இடத்தில் 2 வெள்ளிகூட வராது. கார்டில் 480 செலவழித்து நின்றுவிட்டால் 133 வெள்ளி போச்சு.

360இல் செலவு தவறினால் போவது 0.6 மட்டும், உங்கள் தொகைக்கு மாதம் 21 வெள்ளி. சேமிப்பு கூடாவிட்டால் 1.2 போகும், அது 42 வெள்ளி. சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை மீதி வட்டி நிற்கும்.

இதற்கு நேர் எதிராக, திடீரென்று பணம் எடுக்க வேண்டி வந்தால் யூஓபி மேல். அங்கே இருப்பு குறைந்தால் குறைந்த தொகைக்கு வட்டி, வேறு தண்டனை இல்லை. 360இல் ஊருக்குப் போக 4,000 எடுத்தால் அந்த மாதம் சேமிப்பு வட்டி போகும். இன்னொன்று, அவர்கள் பார்ப்பது மாதத்தின் தினசரி சராசரி. 20ஆம் தேதி எடுத்தால் இந்த மாதச் சராசரி கொஞ்சம் குறையும், அடுத்த மாதச் சராசரி முழுசாகக் குறையும். ஒருமுறை எடுத்ததற்கு இரண்டு மாதம் தவற வாய்ப்பு உண்டு.

அதனால் கேள்வி எந்த வங்கி அதிகம் தருகிறது என்பது அல்ல. உங்கள் வீட்டில் எது அடிக்கடி நடக்கும், கார்டு செலவு 500ஐத் தொடாமல் போவதா, பணம் எடுப்பதா?

ராத்திரி ஷிப்ட் | 15 டிசம்பர், காலை 7:20

வேலை முடிந்து வந்து படிக்கிறேன். இன்று விடிகாலை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் வட்டியை மறுபடி அரை விழுக்காடு ஏற்றிவிட்டது. இப்போது 4.25 முதல் 4.50 வரை. மார்ச்சில் சுழியத்தில் இருந்தது. இங்கே நம் நாணய ஆணையம் வட்டி விகிதம் வைப்பதே இல்லை என்கிறார்களே, அப்புறம் எப்படி நம் வங்கிகள் ஏற்றுகின்றன?

கணக்குப்பிள்ளை | 15 டிசம்பர், காலை 8:02

நம் ஆணையம் வெள்ளியின் மதிப்பைத்தான் நிர்வகிக்கிறது. வணிகம் செய்யும் நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையாக வைத்து, அதற்கு எதிரே வெள்ளி எவ்வளவு ஏறலாம் இறங்கலாம் என்று ஒரு பட்டையை வைத்திருக்கிறது. பணம் தடையில்லாமல் வந்துபோகும் ஊர், நாணய மதிப்பையும் பிடித்து வைத்துவிட்டால் வட்டியை நாம் தனியாகத் தீர்மானிக்க முடியாது. அமெரிக்க வட்டி ஏறினால் இங்கேயும் ஏறும், கொஞ்சம் முன்பின்னாக. வங்கிகளுக்கு இப்போது வைப்புத்தொகை தேவை, அதற்காகத்தான் இந்தப் போட்டி. தேவை தீர்ந்தால் நிறுத்திவிடுவார்கள். சேமிப்புக் கணக்கு வட்டியை வங்கி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

பொங்கோல்வாசி | 15 டிசம்பர், காலை 8:15

அதனால்தான் சொல்கிறேன், டி-பில்லில் 4.40ஐப் பூட்டுங்கள் என்று. ஆறு மாதத்துக்கு யாரும் கை வைக்க முடியாது.

கணக்குப்பிள்ளை | 15 டிசம்பர், காலை 8:40

தம்பி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவர் 42,000இல் 20,000ஐ டி-பில்லில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 4.40க்கும், இவர் 42,000க்கு யூஓபியில் வரும் சராசரி 3.86க்கும் வித்தியாசம் 0.54. 20,000க்கு ஆறு மாதத்தில் 54 வெள்ளி கூடுதல். அதற்காக அவசரப் பணத்தில் பாதியை ஆறு மாதம் தொட முடியாமல் வைப்பதா? நடுவில் வேண்டுமென்றால் வங்கிக்குப் போய் விற்கலாம், ஆனால் அன்றைய சந்தை விலைக்குத்தான்.

உங்களைப் போல இலட்சத்துக்கு மேல் ரொக்கம் வைத்திருப்பவருக்கு டி-பில் நல்லது. மறுக்கவில்லை. இவர் கேட்டது வேறு.

பொங்கோல்வாசி | 15 டிசம்பர், காலை 8:44

எனக்கு இலட்சம் இருக்கிறது என்று யார் சொன்னது 😄 சரி, 54 வெள்ளிக்கு நான் சண்டை போடவில்லை.

தேக்கா கடைக்காரன் | 15 டிசம்பர், மதியம் 3:10

எல்லோரும் சம்பளம் சம்பளம் என்கிறீர்கள். எனக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. கடையில் வருகிற பணம்தான். கார்டில் செலவு செய்கிற பழக்கமும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு 0.05தானா?

ராத்திரி ஷிப்ட் | 15 டிசம்பர், மாலை 5:30

அண்ணே, செப்டம்பரில் வந்த மின்னிலக்க வங்கிகளைப் பாருங்கள். ட்ரஸ்ட், ஜிஎக்ஸ்எஸ் இரண்டுக்கும் சம்பளம் வேண்டாம். ஜிஎக்ஸ்எஸ்ஸில் வட்டி தினமும் விழும். ஆனால் ஒருவர் 5,000 வெள்ளிதான் வைக்கலாம். ட்ரஸ்ட் வேண்டுமென்றால் என்னிடம் பரிந்துரைக் குறியீடு இருக்கிறது, இருவருக்கும் ஃபேர்பிரைஸ் கூப்பன் கிடைக்கும்: [நீக்கப்பட்டது]

இழைக் காப்பாளர் | 15 டிசம்பர், மாலை 5:52

பரிந்துரைக் குறியீடுகள் இங்கே வேண்டாம். தனியாக அதற்கொரு இழை இருக்கிறது, அங்கே போடுங்கள்.

கணக்குப்பிள்ளை | 15 டிசம்பர், இரவு 9:15

கடைக்காரர் அண்ணே, யூஓபியில் சம்பளத்துக்குப் பதில் மாதம் 3 ஜைரோ கழிவு இருந்தாலும் ஏற்பார்கள். வட்டி குறைவாக இருக்கும், அந்த 500 வெள்ளி கார்டு செலவும் வேண்டும். நீங்கள் கடன் அட்டையை விரும்பாதவர் என்றால் அவர்களுடைய ஒன் டெபிட் கார்டும் கணக்கில் சேரும். கையிலுள்ள பணம்தான் கழியும், கடன் இல்லை.

நிபந்தனையே வேண்டாம் என்றால் சிஐஎம்பி வங்கியின் ஃபாஸ்ட்சேவர் போன்ற கணக்குகள் உண்டு. வட்டி நடுத்தரம்.

ஆனால் உங்கள் நிலைக்கு நான் முதலில் சொல்வது சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம். இந்த மாதம் வெளியானதற்கு முதலாண்டு 3.26, பத்து வருடம் வைத்திருந்தால் சராசரி 3.47. குறைந்தது 500 வெள்ளி, ஒருவருக்கு உச்சவரம்பு 200,000. எந்த மாதமும் திருப்பிக் கொடுக்கலாம், அசல் குறையாது. வாங்க 2 வெள்ளி, திருப்பிக் கொடுக்க 2 வெள்ளி கட்டணம். சம்பளம் இருக்கிறதா, கார்டு இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டு குறை. ஒன்று, இன்று விண்ணப்பித்தால் இன்றே பணம் வராது, அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் வரும். கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருக்கும் பணத்தை அதில் போடாதீர்கள். இரண்டு, இப்போது கேட்பவர்கள் அதிகம், கேட்ட தொகை முழுவதும் கிடைக்காமல் போகலாம். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம்.

தேக்கா கடைக்காரன் | 15 டிசம்பர், இரவு 10:20

இது நல்லாயிருக்கே. ஏடிஎம்மிலேயே வாங்கலாம் என்று யாரோ சொன்னார்கள், உண்மையா?

ராத்திரி ஷிப்ட் | 15 டிசம்பர், இரவு 10:34

உண்மைதான் அண்ணே. டிபிஎஸ், பிஓஎஸ்பி, ஓசிபிசி, யூஓபி ஏடிஎம்மில் வாங்கலாம். முதலில் சிடிபி கணக்கு (பத்திரங்களை வைத்திருக்கும் மத்தியக் கணக்கு) திறந்து வங்கிக் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும்.

திருவாரூர் தம்பி | 16 டிசம்பர், அதிகாலை 1:12

நான் எஸ் பாஸ் வேலை அனுமதியில் இருக்கிறேன். இவ்வளவு தலைவலி எதற்கு? ஊரில் என்ஆர்இ (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான) நிரந்தர வைப்பில் போட்டால் 6 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்கிறது, அங்கே வரியும் இல்லை.

கணக்குப்பிள்ளை | 16 டிசம்பர், காலை 7:50

தம்பி, பத்து வருடம் முன்னால் ஒரு வெள்ளிக்கு 45 ரூபாய் போல இருந்தது. இப்போது 61. வருடத்துக்கு 3 விழுக்காடு போல ரூபாய் இறங்கியிருக்கிறது. இங்கேயே இருக்கப்போகிறவர் 6ஐ வாங்கி 3ஐத் தொலைக்கிறார். நீங்கள் ஊரில் வீடு கட்டப் போகிறீர்கள், ரூபாயில்தான் செலவு என்றால் என்ஆர்இ சரியான இடம். ஆனால் ஒரு வருடம் முடியுமுன் உடைத்தால் என்ஆர்இ வைப்புக்கு வட்டியே கிடையாது. இந்த இழையில் கேட்ட கேள்வி நினைத்தபோது எடுப்பது பற்றி.

திருவாரூர் தம்பி | 16 டிசம்பர், காலை 8:30

வீடுதான் கட்டப்போகிறேன் அண்ணே. அதனால் அங்கேயே போடுகிறேன். இங்கே மூன்று மாதச் செலவு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஜூரோங் அக்கா | 16 டிசம்பர், முற்பகல் 11:05

பிள்ளைகளே, எனக்கு வயது 64. வேலையை விட்டாயிற்று. பிஓஎஸ்பி வங்கியில் 90,000 இருக்கிறது, அதுதான் என் கைப்பணம். மகன் தினமும் ஒரு வங்கி பேரைச் சொல்கிறான். கார்டு தேய்க்கச் சொல்கிறான், செயலி இறக்கச் சொல்கிறான். வருகிற மோசடிச் செய்திகளைப் படித்தால் கைப்பேசியில் வங்கியை வைத்துக்கொள்ளவே பயமாக இருக்கிறது. இப்படியே விட்டுவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

கணக்குப்பிள்ளை | 16 டிசம்பர், பிற்பகல் 12:40

அக்கா, ஒன்று மட்டும் கவனியுங்கள். வைப்புத்தொகைக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 75,000 வெள்ளி வரைதான். பிஓஎஸ்பியும் டிபிஎஸ்ஸும் ஒரே வங்கி, 1998இலேயே இணைந்துவிட்டன. இரண்டிலும் பிரித்துப் போட்டாலும் ஒன்றாகத்தான் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் 90,000இல் 15,000 காப்புறுதிக்கு வெளியே நிற்கிறது. நம் பெரிய வங்கிகள் நாளைக்கே விழும் என்று சொல்லவில்லை. ஆனாலும் சும்மா கிடைக்கிற பாதுகாப்பை ஏன் விட வேண்டும்?

30,000 வெள்ளியை இரண்டு மூன்று மாதமாகச் சேமிப்புப் பத்திரத்துக்கு மாற்றுங்கள். செயலி வேண்டாம், ஏடிஎம் போதும். முழுவதும் கிடைத்தால் முதல் வருடம் 978 வெள்ளி வட்டி, இந்த மாத விகிதமே நீடித்தால். இப்போது அந்த 30,000க்கு உங்களுக்கு வருவது 15 வெள்ளி. மீதியை அசைக்காமல் அங்கேயே வையுங்கள். மகனிடம் சொல்லுங்கள், கார்டு தேய்ப்பது அவன் வயதுக்கு.

ஜூரோங் அக்கா | 16 டிசம்பர், பிற்பகல் 12:58

978க்கும் 15க்கும் நடுவில் இவ்வளவு தூரமா. சரி, ஏடிஎம் என்றால் எனக்கு வரும். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பொங்கோல்வாசி | 16 டிசம்பர், இரவு 7:25

வீட்டுக்கடன் உள்ளவர்கள் ஒன்று சொல்லுங்கள். எனக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடன், 2.6 விழுக்காடு. ரொக்கம் கொஞ்சம் சேர்ந்தால் கடனை அடைத்துவிடு என்று அப்பா சொல்கிறார். கடன் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

கணக்குப்பிள்ளை | 16 டிசம்பர், இரவு 8:10

2.6 கடனை 3.85 சேமிப்பை வைத்து அடைப்பதா? இப்போதைக்கு வேண்டாம். வங்கிகள் வீட்டுக்கடனுக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் கேட்கும் நேரத்தில் 2.6 கையில் இருப்பது அதிர்ஷ்டம். வங்கியில் சோரா (சந்தையோடு ஏறி இறங்கும் அளவுகோல் வட்டி) அடிப்படையிலான கடன் வாங்கியவருக்குக் கதை வேறு, அவர் கட்டும் வட்டி வைப்பு வட்டியைவிட அதிகமென்றால் கொஞ்சம் அடைப்பது நல்லது. அப்பாவின் தூக்கத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை.

ராத்திரி ஷிப்ட் | 17 டிசம்பர், காலை 6:55

இந்த நிபந்தனைக் கணக்குகளில் நான் பட்டதைச் சொல்கிறேன், வங்கியின் பெயர் வேண்டாம். எங்கள் கம்பெனியில் ஒரு மாதம் எச்ஆர் அவசரத்தில் சம்பளத்தை ஜைரோவில் போடாமல் சாதாரண வங்கிப் பரிமாற்றமாக அனுப்பிவிட்டார்கள். தொகை அதே தொகை, அனுப்பியது அதே கம்பெனி. ஆனால் சம்பளம் என்ற குறியீடு இல்லை, அந்த மாதம் கூடுதல் வட்டி வரவில்லை. அழைத்துக் கேட்டால், கணினி அப்படித்தான் பார்க்கும் என்றார்கள்.

யீஷுன் அக்கா, சம்பளம் வந்த மறுநாள் கணக்கு அறிக்கையைத் திறந்து பாருங்கள். பரிவர்த்தனையில் சம்பளம் என்று எழுதியிருக்க வேண்டும்.

கார்டிலும் இதேதான். மாதத்தின் 29, 30ஆம் தேதி வாங்கினால் அது கணக்கில் பதிவாக ஓரிரு நாள் ஆகும், அடுத்த மாதத்துக்குப் போய்விடும். வாங்கிய தேதி பார்க்கமாட்டார்கள், பதிவான தேதிதான். காப்புறுதிச் சந்தா, மின்பணப்பைக்குப் பணம் ஏற்றுவது இவையெல்லாம் பொதுவாகச் செலவாகக் கணக்கில் வராது. நான் 25ஆம் தேதிக்குள் முடித்துவிடுகிறேன்.

யீஷுன்காரி | 17 டிசம்பர், காலை 10:30

இது எனக்கு மிகவும் தேவைப்பட்ட தகவல், நன்றி தம்பி. எங்கள் செலவு 400. இன்னும் 100 வெள்ளிக்கு என்ன செய்வது என்று நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து பேசினோம். வீட்டுக்காரர் ஏர் ஃபிரையர் வாங்கலாம் என்கிறார்!

ஜூரோங் அக்கா | 17 டிசம்பர், காலை 10:41

வட்டிக்காக அடுப்பு வாங்குகிற காலமாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை | 17 டிசம்பர், காலை 11:20

ஏர் ஃபிரையர் வேண்டாம். ஏற்கெனவே செய்கிற செலவைக் கார்டுக்கு மாற்றுங்கள், புதிதாக எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் தினமும் எம்ஆர்டியில் போகிறீர்கள் அல்லவா? ஈசிலிங்க் பயண அட்டையை விட்டுவிட்டு அதே வங்கிக் கார்டை வாசலில் தொடுங்கள், சிம்ப்ளிகோ முறையில் பயணக் கட்டணம் நேராகக் கார்டில் விழும். கைப்பேசிக் கட்டணத்தை அதில் மாற்றுங்கள். வீட்டுக்காரர் பெட்ரோலுக்கு என்ன தருகிறார்? அவர் வேறு வங்கிக் கார்டில் நிரப்பிக்கொண்டிருந்தால் அது ஒன்றே போதும்.

கடன் அட்டையென்றால் பில் முழுவதையும் தேதிக்குள் கட்டுங்கள். 3.86க்காக ஓடி, அட்டை நிலுவைக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கட்டினால் வருடத்தின் வட்டி இரண்டு மாதத்தில் திரும்பிப் போகும். சந்தேகமிருந்தால் டெபிட் கார்டு.

யீஷுன்காரி | 17 டிசம்பர், பிற்பகல் 1:15

பெட்ரோல்! மாதம் 600 வெள்ளிக்கு மேல் ஆகிறது. அது அவர் கார்டில் போகிறது, என் கண்ணில் படவே இல்லை. அவர் நிரப்பும்போது என் வங்கியின் டெபிட் கார்டைத் தேய்த்தால் தீர்ந்தது.

பொங்கோல்வாசி | 17 டிசம்பர், பிற்பகல் 1:22

கார்டு உங்கள் பெயரில் இருந்தால் அவர் கையில் கொடுக்கக் கூடாது. இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காகத் திறந்தால் அவருக்கும் ஒரு கார்டு எடுக்கலாம். அவர் செலவு கணக்கில் சேருமா என்று கிளையில் கேட்டுவிட்டுத் திறங்கள்.

கணக்குப்பிள்ளை | 17 டிசம்பர், பிற்பகல் 2:05

பொங்கோல் தம்பி சொல்வது முக்கியம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கூட்டுக் கணக்கில் காப்புறுதியையும் இருவருக்கும் சமமாகப் பிரித்துத்தான் கணக்கிடுவார்கள். உங்கள் தொகைக்கு அது பிரச்சினையே இல்லை.

பெட்ரோல் நிச்சயமாக ஓடுகிற செலவு. அவர் கார் ஓட்டும்வரை 500ஐத் தாண்டும். அப்படியென்றால் உங்களுக்கு யூஓபி பக்கம் சாய்கிறது, ஏனென்றால் மாமனார் காரியமாக எப்போது வேண்டுமானாலும் பணம் எடுப்பீர்கள், 360இல் அது அடிபடும். அவர் கார் ஓட்டுவதை நிறுத்தினால் மறுபடி யோசியுங்கள். ஆறு மாதத்துக்குள் கணக்கை மூடினால் 30 வெள்ளி கட்டணம், சராசரி இருப்பு 1,000க்குக் கீழே போனால் மாதம் 5 வெள்ளி. இரண்டும் உங்களைத் தொடாது.

எச்ஆரிடம் சம்பளக் கணக்கை மாற்றச் சொல்லி இந்த மாதமே எழுதிவிடுங்கள். பழைய கணக்கை மூடாதீர்கள், அங்கே இருந்து போகிற ஜைரோ எல்லாம் ஒவ்வொன்றாக மாறும்வரை கொஞ்சம் பணம் விட்டுவையுங்கள்.

யீஷுன்காரி | 17 டிசம்பர், இரவு 9:50

எழுதிவிட்டேன். ஜனவரிச் சம்பளம் புதுக் கணக்கில் வரும். டி-பில் கேட்டவருக்கு 54 வெள்ளி கணக்கைக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை.

செங்காங் புதியவர் | 4 மே 2024, இரவு 8:16

பழைய இழையைத் தூக்குவதற்கு மன்னிக்கவும். கூகிளில் தேடி வந்தேன். இதில் சொன்ன எண்கள் இப்போதும் சரிதானா? என்னிடம் 40,000 போல இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | 4 மே 2024, இரவு 9:33

இல்லை, பாதி மாறிவிட்டது. இந்த மாதம் 1ஆம் தேதி முதல் யூஓபி ஒன் முதல் 75,000க்கு 3 விழுக்காடு, அடுத்த 50,000க்கு 4.5, அதற்கு அடுத்த 25,000க்கு 6. விளம்பரத்தில் 150,000க்கு 4 விழுக்காடு என்று வரும். பெரிய தொகை வைத்திருப்பவருக்கு மோசமில்லை, உங்களுக்கு 3தான். 40,000க்கு 1,200 வெள்ளி. 360இல் சம்பளம், சேமிப்பு, செலவு மூன்றும் பழையபடி இருக்கிறது, அதே 40,000க்கு 1,540. மேலே நான் சொன்ன தவறும் மாதக் கணக்கையும் பாருங்கள்.

ஏப்ரல் 1 முதல் வைப்புத்தொகைக் காப்புறுதி 100,000 ஆகிவிட்டது. ஜூரோங் அக்கா, படிக்கிறீர்களா? இனி 90,000ம் உள்ளே. மோசடிக்குப் பயந்தீர்களே, போன நவம்பரில் மூன்று உள்ளூர் வங்கிகளும் பணத்தைப் பூட்டிவைக்கும் வசதி கொண்டுவந்துவிட்டன. பூட்டிய பணத்தை இணையம் வழியாக யாரும் அனுப்ப முடியாது.

யீஷுன்காரி | 5 மே 2024, காலை 7:48

நானும் இந்த வாரம்தான் கவனித்தேன். எச்ஆருக்கு மறுபடி எழுத வேண்டும், என் முகத்தைப் பார்த்தால் ஓடுவார்கள். அவர் கார் ஓட்டுவதை விட்டு வேலைக்குப் போகிறார், பெட்ரோல் செலவும் இல்லை. மாமனார் இப்போது எங்களோடு இருக்கிறார், அதனால் திடீர் டிக்கெட்டும் இல்லை. 360க்கு மாறுகிறேன்.

தேக்கா கடைக்காரன் | 5 மே 2024, இரவு 11:02

எனக்கு இன்னும் சம்பளம் கிடையாது, கார்டும் கிடையாது. மாரிபேங்க் என்ற மின்னிலக்க வங்கியில் 2.88, ஒரு நிபந்தனையும் இல்லை. சரக்குப் பணம் அங்கே, மீதி சேமிப்புப் பத்திரத்தில். நீங்கள் எல்லோரும் மாறி மாறி ஓடுங்கள், நான் கடையைப் பார்க்கிறேன்.